மூன்று பொத்தான் ஸ்டாப்வாட்ச்: இடக்கைப் பிள்ளையின் நேர உணர்வை இதில் அளக்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் தொங்கும் கறுப்பு ஸ்டாப்வாட்சைப் பற்றிய மதிப்பீடு இது. பிளாஸ்டிக் உடல், கழுத்துக் கயிறு, மேலே மூன்று பொத்தான், பெயர் தெரியாத தயாரிப்பு, முப்பது ரிங்கிட்டுக்குள் விலை. ஓட்டப் பந்தயத்துக்குப் போதுமான சாமான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தோட்டப் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிகளிலும் டியூசன் சென்டர்களிலும் அறிவியல் விழா நெருங்கினால் இதே கடிகாரம் வேறொரு வேலைக்கும் போகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நேரம் ஒரே வேகத்தில் ஓடுகிறதா, இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வேறு மாதிரியா என்பது பிள்ளைகள் விரும்பி எடுக்கும் தலைப்பு. அந்த வேலைக்கு இது எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 15 விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை தாராளமாக நம்பலாம். 1, 2 விநாடி இடைவெளிகளுக்கு வேண்டாம். இடக்கைப் பிள்ளையிடம் கொடுப்பதாக இருந்தால், கீழே சொல்லும் பிடியைப் பழக்காமல் கொடுக்கவே கூடாது.

உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மலிவுக் கடிகாரம், மாதத்துக்கு 30 விநாடி பிசகும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒரு நிமிடத்துக்கு வரும் பிழை 0.0007 விநாடிதான். ஆகவே கணக்கு தப்பினால் கடிகாரத்தின் மேல் பழி போட முடியாது. பழி பொத்தான் மேலும் அதை அழுத்தும் விரல் மேலும்தான். திரையில் நூறில் ஒரு பங்கு விநாடி வரை எண் தெரிகிறது என்பதற்காகப் பிள்ளைகள் 27.43 என்று எழுதுகிறார்கள். கடைசி இலக்கத்துக்கு இந்த வேலையில் ஒரு பொருளும் கிடையாது. 27.4 போதும்.

பொத்தான்கள்தான் இந்தச் சாமானின் பெரிய குறை. திரை நம்மைப் பார்த்திருக்க, மேல் வலது மூலையில் இருப்பது ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டுக்கும். மேல் இடது மூலையில் இருப்பது ஸ்பிளிட், ரீசெட். நடுவில் மோட். கடிகாரத்தை வலது உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: கட்டைவிரல் தானாக வலது மூலைக்கு, அதாவது ஸ்டார்ட் பொத்தானுக்கு வந்துவிடும். இடது உள்ளங்கையில் வைத்தால் கட்டைவிரல் விழுவது இடது மூலையில், ரீசெட் மேல். இதைச் செய்தவர்கள் வலக்கைக்காரரை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள்.

இதனால் என்ன கெடுகிறது? கடிகாரம் ஓடும்போது இடது பொத்தானை அழுத்தினால் திரையில் எண் நின்றுவிடும், உள்ளே நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நின்ற எண் சரியான எண்தான், உடனே பார்த்தால் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைக்குச் சந்தேகம் வந்து இன்னொரு தடவை அழுத்தினால் எண் மறுபடி ஓடத் தொடங்கிவிடும், அளவு போயிற்று. இன்னொரு விபத்து இதைவிட அடிக்கடி நடக்கும்: சரியாக நிறுத்திய பிறகு ஆசிரியரிடம் நீட்டும்போது இடது கட்டைவிரல் ரீசெட்டைத் தொட்டு, திரையில் சுழியம் வந்து நிற்கும். இப்படித் தொலைந்த அளவுகளைச் சில குழுக்கள் 'தவறு' என்று குறித்து, இடக்கைப் பிள்ளைகளுக்குத் தவறு அதிகம் என்று அட்டையில் எழுதி ஒட்டுகின்றன. அது பிள்ளையின் நேர உணர்வைப் பற்றிய செய்தியே கிடையாது, பொத்தான் இருக்கும் இடத்தைப் பற்றிய செய்தி. ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே அப்படி ஒரு முடிவை எழுதுவது அநியாயம்.

இதற்கு வழி எளிது. இடக்கைப் பிள்ளை கடிகாரத்தைத் திருப்பி, திரை உள்ளங்கையைத் தொடும்படி பிடிக்க வேண்டும். பின்பக்கம் மேலே வரும்போது ஸ்டார்ட் பொத்தான் இடது மூலைக்கு மாறிவிடும், இடது கட்டைவிரல் நேராக அதன் மேல் உட்காரும். திரையும் மறைந்துவிடும், அதுவும் நமக்கு வேண்டியதே. வலக்கைப் பிள்ளை வழக்கம்போலத் திரை மேலே தெரியப் பிடிக்கட்டும். திரை மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடிவிடுங்கள். இப்போது இரண்டு பிடியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று சமம். இருவருக்கும் ஒரே கட்டளை: சுட்டுவிரல் மேலே ஏறக் கூடாது, ஏறினால் ஸ்பிளிட் மேல் படும். நிறுத்தியதும் கடிகாரத்தை மேசையில் வைத்துவிட வேண்டும், எண்ணைப் பார்த்து எழுதுவது ஆசிரியர் வேலை.

அளக்கத் தொடங்கும் முன் விரலை அளந்துவிடுங்கள். முடிந்த வேகத்தில் ஸ்டார்ட், உடனே ஸ்டாப். வலக்கையால் பத்து முறை, இடக்கையால் பத்து முறை, வரிசைப்படுத்தி நடுவில் வரும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் 0.05 விநாடி வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 30 விநாடிச் சோதனையில் அது 0.2 விழுக்காடு கூட இல்லை; 1 விநாடிச் சோதனையில் 5 விழுக்காடு. குறுகிய இடைவெளிக்கு இந்தக் கடிகாரம் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான். பொத்தான் விறைப்பாக இருக்கும் ரகங்களில் ஆண்டு 3, 4 வகுப்புப் பிள்ளைகளின் சின்ன விரலுக்கு இது இன்னும் கூடும். அப்போது பையன், பெண் என்று தெரிவது உண்மையில் விரல் பலமாக இருக்கலாம்.

அடுத்து, யார் இடக்கைக்காரர் என்று எப்படி முடிவு செய்வது? எழுதும் கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சிறு வயதில் அடித்தோ அதட்டியோ பென்சிலை வலக்கைக்கு மாற்றிய வீடுகள் நம்மிடம் நிறைய. சாப்பிடும் கையைக் கேட்பதில் பயனே இல்லை. சோத்துக்கை என்றாலே வலக்கைதான், பீச்சாங்கையால் சோற்றைத் தொட யாரும் விடுவதில்லை. ரப்பர் தோட்டத்துப் பெரியவர்களிடம் பால் மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பழக்கத்தை வைத்துக் கேட்கலாமே என்று தோன்றும். அதுவும் உதவாது. மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஏறுவதால், அவற்றை அதிகமாக அறுக்கும்படி வெட்டு மேல் இடமிருந்து கீழ் வலமாகச் சுமார் 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். வெட்டும் திசையை மரம் தீர்மானிக்கிறது. இடக்கைக்காரரும் அதற்குத் தக்கபடி கையைப் பழக்கிக்கொண்டவர்தான்.

1971-இல் உளவியலாளர் ஓல்ட்ஃபீல்ட் வெளியிட்ட எடின்பரோ கேள்வித்தாள் இதற்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் துலக்குவது, கத்தி, கரண்டி, துடைப்பத்தில் மேலே பிடிக்கும் கை, தீக்குச்சி கிழிப்பது, பெட்டி மூடியைத் திறப்பது என்று பத்து வேலை. ஒரு கை மட்டுமே என்றால் அந்தப் பக்கம் இரண்டு குறி, பொதுவாக அந்தக் கை என்றால் ஒன்று, எந்தக் கையும் சரி என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வலக் குறியிலிருந்து இடக் குறியைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். வலம் 4, இடம் 14 என்றால் கிடைப்பது கழித்தல் 56. கூட்டல் 100 முழு வலக்கை, கழித்தல் 100 முழு இடக்கை. நம் வீடுகளில் கரண்டி என்றால் பிள்ளைக்குச் சாப்பாடு ஞாபகம் வரும், அதனால் மாவு கிண்டும் கை என்று கேளுங்கள். ஈர்க்குச்சி விளக்குமாறு ஒற்றைக் கையால் பிடிப்பது, நீளக் கம்புத் துடைப்பத்தைக் காட்டியே கேட்க வேண்டும். கேட்பதைவிடச் செய்யச் சொல்லிப் பார்ப்பது நல்லது: காகிதம் வெட்டு, பந்தை எறி, மூடியைத் திற. கை பொய் சொல்லாது, வாய் வீட்டில் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும்.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் காத்திருக்கிறது. உலகம் முழுக்க எடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இடக்கைக்காரர் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர். முப்பது பேர் வகுப்பில் மூவர் கிடைத்தால் சரி. மூன்று பேருடைய சராசரியை இருபத்தேழு பேருடையதோடு வைத்துப் படம் வரைந்தால், அந்த மூவரில் ஒருத்தி அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலே படம் தலைகீழாகிவிடும். இன்னொன்று, இடக்கைப் பழக்கம் பெண்களைவிட ஆண்களிடம் கூடுதல். 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆணுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய 23 விழுக்காடு அதிகம் என்று வந்தது. ஆகவே இடக்கை வரிசையில் பையன்கள் சற்று மிகுந்திருப்பார்கள், கையின் கணக்கும் ஆண் பெண் கணக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும். தப்பிக்க ஒரே வழி ஜோடி சேர்ப்பது: இடக்கைப் பெண் ஒருத்திக்கு அதே வகுப்பில், வயதில் நெருங்கிய வலக்கைப் பெண் ஒருத்தி. பையனுக்குப் பையன். பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து இருபது ஜோடி திரட்டினால் பேச ஏதாவது கிடைக்கும். மூன்று ஜோடியை வைத்துக்கொண்டு முறையை விளக்குங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். முறையைச் சரியாக விளக்கிய அட்டைக்கு நடுவர் மதிப்பெண் தர வேண்டும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

சோதனை இப்படிப் போகட்டும். 15, 30, 60 விநாடி, ஒவ்வொன்றும் மூன்று சீட்டு, மொத்தம் ஒன்பது. குலுக்கி எடுங்கள். பிள்ளை சீட்டைப் பார்த்து, தானே அழுத்தித் தொடங்கி, அவ்வளவு நேரம் ஆயிற்று என்று தோன்றும்போது நிறுத்த வேண்டும். ஓட்டம் மட்டும் 5 நிமிடம் 15 விநாடி, இடையில் எழுதும் நேரத்தோடு ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். முன்னால் 10 விநாடிக்கு ஒரு பழக்க ஓட்டம், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எவ்வளவு வந்தது என்று நடுவில் சொல்லவே கூடாது, சொன்ன மறுகணம் பிள்ளை தன்னைத் திருத்திக்கொள்ளும். குலுக்கல் ஏன் என்றால், நீளமும் குறுகலும் கலந்து வரும்போது குறுகியதை நீட்டியும் நீண்டதைக் குறுக்கியும் மதிப்பிடும் பழக்கம் மனிதருக்கு உண்டு. ஜெர்மனியில் உடலியலாளர் ஃபியரோர்ட் 1868-இலேயே இதை எழுதினார். எல்லாப் பிள்ளைக்கும் ஏறுவரிசையிலேயே கொடுத்தால் அந்தச் சாய்வோடு வரிசையின் சாய்வும் சேர்ந்துவிடும்.

கணக்கில் விநாடியை அப்படியே வைக்காமல் விகிதமாக்குங்கள். 30-க்கு 26.4-இல் நிறுத்தினால் 0.88. இடைவெளி இரட்டித்தால் தடுமாற்றமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும் என்பது 1977-இல் உளவியலாளர் கிப்பன் வகுத்த கோட்பாட்டின் அடிப்படை. அதனால் விகிதத்தில் வைத்தால்தான் 15-ஐயும் 60-ஐயும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடியும். சராசரியோடு மூன்று ஓட்டத்துக்குள் இருந்த சிதறலையும் எழுதுங்கள். பல நேரம் இரண்டு பிள்ளைக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிட ஒரே பிள்ளையின் மூன்று ஓட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்தாலே ஆண் பெண் என்று அவசரமாகப் பிரிக்கும் கை கொஞ்சம் நிதானிக்கும்.

அதிகமான குழுக்கள் சறுக்கும் இடம் இனிதான். அதே பிள்ளையிடம், ஆசிரியர் 30 விநாடி ஓட்டிவிட்டு 'எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?' என்று கேட்டால், அவள் 35 என்று சொல்லக்கூடும். விகிதம் 1.17. முன்னே 0.88, இப்போது 1.17, முரணாக இருக்கிறதே என்று குழம்புவார்கள். முரண் இல்லை. அவளுடைய உள் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. அதனால் தானே நிறுத்தும்போது சீக்கிரம் நிறுத்துகிறாள், கேட்டால் கூடுதலாகச் சொல்கிறாள். இரண்டு முறையும் எதிரெதிர்த் திசையில் காட்டும். ஒப்பிட வேண்டுமானால் முதல் முறையின் விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள், 30-ஐ 26.4-ஆல் வகுத்தால் 1.14. இரண்டையும் திருப்பாமல் கலந்து சராசரி எடுத்தால் 1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், பிள்ளை துல்லியமானவள் என்ற பொய்யும் கூடவே வரும். பெண்கள் நேரத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள், குறைத்துச் சொல்கிறார்கள் என்று எங்கே படித்தாலும் எந்த முறையில் அளந்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள்.

ஆண் பெண் வித்தியாசத்தைப் பற்றி இதுவரை தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிளாக், ஹேன்காக், ஸக்காய் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000-இல் பழைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெண்களின் மதிப்பீடு ஆண்களுடையதைவிடச் சற்று நீளம், ஆனால் வித்தியாசம் சிறியது. அளக்கப்போகிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு அளப்பதா, எல்லாம் முடிந்த பிறகு திடீரென்று கேட்பதா என்பதைப் பொறுத்தும் அது மாறுகிறது. திடீர்க் கேள்வியை ஒரு பிள்ளையிடம் ஒரே முறைதான் கேட்க முடியும், இரண்டாம் முறை அவள் தயாராக இருப்பாள். கைப் பழக்கத்தைப் பற்றி இந்த அளவுக்குக்கூட உறுதியாகச் சொல்லும்படி எதுவும் திரளவில்லை.

எண்ணும் பழக்கத்தை அடக்காவிட்டால் நீங்கள் அளப்பது எண்ணும் வேகத்தைத்தான். 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று மனதுக்குள் எண்ணும் பிள்ளை இருபதைத் தாண்டியதும் 'ஆயிரத்து இருபத்தொன்று' என்று நீட்ட வேண்டியிருக்கிறது, அங்கே ஒவ்வோர் எண்ணும் மெதுவாகும். மலாய் மொழியில் எண்ணுபவனுக்கும் ஆங்கிலத்தில் எண்ணுபவனுக்கும் நீளம் வேறு. ஒன்று, எல்லாரும் ஒரே சொல்லால் எண்ணட்டும். இல்லையென்றால் கலைந்த எண்கள் எழுதிய அட்டையை வாய்விட்டுப் படித்துக்கொண்டே செய்யட்டும். படிக்கும்போது கவனம் பிரிவதால் எல்லாருடைய 30 விநாடியும் நீளும், அதனால் அட்டை எல்லாருக்கும் ஒரே கடினமாக இருப்பது கட்டாயம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வையுங்கள், அதன் டிக் டிக் சத்தமே எண்ணிக் கொடுத்துவிடும். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடருங்கள். காய்ச்சலோடு வந்த பிள்ளையை விட்டுவிடுங்கள்: காய்ச்சலில் கிடந்த தன் மனைவியை விநாடி எண்ணச் சொல்லி, உடல் சூடு ஏற ஏற எண்ணும் வேகமும் ஏறுவதை அமெரிக்க உடலியலாளர் ஹோக்லண்ட் 1933-இல் வெளியிட்டார். எல்லா ஜோடியையும் காலை முதல் பாடவேளையிலேயே முடிப்பது நல்லது.

லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பாட்டிமாரையும் சேர்க்க நினைத்தால் விநாடிக் கணக்கே வேண்டாம். பெரட்டுக்கும் (காலையில் ஆள் கணக்கெடுப்பு) பால் நிறுவைக்கும் நேரம் தவறாமல் வாழ்ந்தவர்கள்தான், ஆனாலும் '30 விநாடி' என்ற எண் அவர்களுக்கு அளவாகப் பழகியிராது. "பாட்டி, இப்போ மணி அடிக்கிறேன், மறுபடி அடிக்கிற வரைக்கும் கவனிங்க. அப்புறம் அதே அளவு நேரம் நீங்க இதை அழுத்திப் பிடிச்சுக் காட்டுங்க" என்று சொன்னால் போதும். மறு உற்பத்தி என்று இந்த முறைக்குப் பெயர். இதில் ஸ்டாப்வாட்சை அவர்கள் கையில் கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் மேசையில் இருக்கும் ஒரு மூடியை அழுத்திப் பிடிக்கட்டும், ஆசிரியர் நேரம் எடுக்கட்டும். கைச் சிக்கல் பெரும்பாலும் ஒழிந்துவிடும், பதிலுக்கு ஆசிரியரின் விரல் தாமதம் சேரும். தொடக்கத்திலும் முடிவிலும் அது ஏறக்குறைய சமமாக வருவதால் பெரிய கேடு இல்லை.

காலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஸ்டாப்வாட்சே தேவையில்லை. ரப்பர் விதை, நாற்று, மரம் என்று மூன்று படம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். 1991-இல் உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் தோழர்களும் ஆங்கிலம், எபிரேயம், அரபு பேசும் பிள்ளைகளிடம் இப்படிச் செய்து பார்த்ததில், பெரும்பாலும் எழுத்தின் திசையே காலத்தின் திசையாக வெளிப்பட்டது. தமிழும் ரூமியும் (ரோமன் எழுத்தில் மலாய்) இடமிருந்து வலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்) வலமிருந்து இடம். ஜாவி நன்றாகப் படிக்கும் மலாய்ப் பிள்ளைகளையும் சேர்க்க முடிந்தால், இந்தப் பட்டணத்திலேயே செய்யக்கூடிய அழகான திட்டம் இது.

கைப்பேசி போதாதா என்றால், ஒரு விஷயத்தில் அது மேல்: பெரிய ஒற்றைப் பொத்தான், இடக்கைக்கும் வலக்கைக்கும் ஒரே இடம். ஆனால் விரலுக்கு அழுத்திய உணர்வு கிடைக்காது, தொட்டேனா என்று பிள்ளை திரையைப் பார்க்கும், பார்த்தால் எண் தெரியும். நடுவில் வாட்ஸ்அப் சத்தமும் வரும். திருப்பிப் பிடிக்கும் முறையைப் பழக்கிவிட்டால் கடிகாரமே எங்கள் தேர்வு.

கடையில் வாங்கும்போது பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பொத்தானை இருபது முறை அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி 'டிக்' என்று பதில் தர வேண்டும். ஓரத்தில் அழுத்தினால் பதில் தராத பொத்தானைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மோட் பொத்தான் உடலுக்குள் சற்று அமுங்கியிருக்கும் ரகம் நல்லது, துருத்தியிருந்தால் சோதனை நடுவில் கடிகார முகப்புக்கு மாறிவிடும். பின் மூடியைத் திறக்கச் சிறிய கூட்டல் முனைத் திருப்புளி வேண்டும், மின்கல எண் உள்ளே பொறித்திருக்கும், அதைக் குறித்துக்கொண்டு ஒரு மாற்று வாங்கி வையுங்கள். எண்கள் வெளிறத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். வாங்குவது இரண்டாக இருக்கட்டும், ஒரே ரகத்தில், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று ஆசிரியருக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். அரை விநாடிக்கு மேல் விலகினால் இரண்டையும் கடைக்கே கொண்டுபோங்கள்.